கன்ட்ரி பட்டியலில் நாட் கிங் கோலுக்கு என்ன வேலை?

1944ஆம் ஆண்டு அமெரிக்காவில் தென்மாநிலக் கிராமப்புற வெள்ளையர்களின் இசை என்று கருதப்பட்ட கன்ட்ரி இசையின் பட்டியலில், விட்டுவிட்டு மொத்தம் ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்ற ஒரு பாடலைப் பாடியவர் நாட் கிங் கோல். அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரியில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்து, லாஸ் ஏஞ்சலிஸின் இரவு விடுதிகளில் பியானோ வாசித்துப் பெயர் பெற்ற கறுப்பின ஜாஸ் கலைஞர் அவர். பியானோ, கிட்டார், பாஸ் என்று மூன்றே வாத்தியங்கள் கொண்ட அவருடைய குழுவில் பிடிலும் இல்லை, பாஞ்சோவும் இல்லை, அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்தவர் எவரும் இல்லை. பாடலின் பெயர் ‘ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்’. வானத்தில் சுற்றிக் காட்டுகிறேன் என்று விலங்குகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போய், உயரத்திலிருந்து உதறித் தள்ளும் ஒரு பிணந்தின்னிக் கழுகையும், அதன் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகப் பறக்கச் சொன்ன ஒரு குரங்கையும் பற்றிய கதை அது. தேவாலயப் போதகரான தம் தந்தை பிரசங்கத்தில் சொன்ன கதையைத்தான் கோல் பாட்டாக்கினார்.

பழைய பட்டியல்களைப் புரட்டிப் பார்க்கும் வழக்கமுள்ளவர்கள் இந்தப் பெயரைக் கண்டதும் அச்சுப்பிழையோ என்று ஒரு கணம் ஐயுறுவார்கள். பிழை எதுவும் இல்லை. பில்போர்ட் இதழ் 1944 ஜனவரி 8ஆம் தேதியிட்ட இதழில் முதன்முதலாக வெளியிட்ட அந்தப் பட்டியலின் தலைப்பில் கன்ட்ரி என்ற பெயரே இல்லை. ஜூக்பாக்ஸ்களில் அதிகம் ஒலித்த நாட்டார் இசைத்தட்டுகள் என்பதுதான் தலைப்பு. காசு போட்டால் பாடும் அந்தப் பெட்டிகளை மதுக்கடைகளிலும் சாலையோர உணவகங்களிலும் நிறுவி, வாரந்தோறும் தட்டுகளை மாற்றி, சில்லறையை அள்ளிக்கொண்டு போகிறவர்களிடமிருந்து திரட்டிய தகவலே அதன் அடிப்படை. ஒரு பெட்டியில் எந்தத் தட்டுகள் கன்ட்ரி தட்டுகளோடு சேர்ந்து ஓடினவோ, அவை எல்லாம் அந்தப் பட்டியலில் இடம்பெறும் வாய்ப்பு இருந்தது. தென்மாநிலத்துச் சிற்றூரின் கடையில் காசு போட்ட விவசாயிக்குக் கழுகும் குரங்கும் பிடித்திருந்தால், பாடியவரின் நிறமும் வாசித்த இசையின் பெயரும் அந்தக் கணக்கில் குறுக்கே வரவில்லை.

இதற்குப் போர்க்காலமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவுகளைப் புறக்கணித்தது; ஜேம்ஸ் பெட்ரில்லோ என்ற பிடிவாதமான தலைவரின் கீழ் நடந்த அந்த வேலைநிறுத்தத்தில் டெக்கா நிறுவனம் 1943 செப்டம்பரிலும், கேப்பிட்டல் நிறுவனம் அடுத்த மாதத்திலும் சங்கத்தோடு சமரசம் செய்துகொள்ள, பெரிய நிறுவனங்களான கொலம்பியாவும் ஆர்.சி.ஏ. விக்டரும் 1944 நவம்பர் வரை வீம்பாக நின்றன. போதாக்குறைக்கு, இசைத்தட்டு வார்ப்பதற்கு வேண்டிய அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலில் போக வேண்டியிருந்ததால், போர் அதற்கும் தட்டுப்பாட்டை உண்டாக்கியிருந்தது. இப்படிப் புதுத்தட்டுகளே அரிதாக இருந்த நாட்களில் ஜூக்பாக்ஸ்காரர் கைக்குக் கிடைத்ததைப் போட்டார். அந்த ஆண்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். முதல் பட்டியலில் முதலிடம் பெற்ற ‘பிஸ்டல் பேக்கின் மாமா’வை டெக்காவில் பாப் நட்சத்திரங்களான பிங் கிராஸ்பியும் ஆண்ட்ரூஸ் சகோதரிகளும் பாடியிருந்தார்கள், அந்தப் பாட்டின் சொந்தக்காரரான டெக்சாஸ்காரர் ஆல் டெக்ஸ்டர், வேலைநிறுத்தத்துக்கு முன்பே பதிவுசெய்திருந்த தம் தட்டை வைத்துக்கொண்டு அவர்களோடு போட்டியிட வேண்டியிருந்தது. சாக்ஸஃபோன் வாசித்து, நகைச்சுவையாகப் பாடவும் செய்யும் லூயி ஜோர்டன், ரேஷன் முறையைக் கிண்டல் செய்த ‘ரேஷன் ப்ளூஸ்’ உட்பட இரண்டு பாடல்களால் அதே ஆண்டில் முதலிடத்தைப் பிடித்தார். அவரும் டெக்கா கலைஞர், கோல் கேப்பிட்டல் கலைஞர்; இரண்டுமே முன்கூட்டிச் சமரசம் செய்துகொண்ட நிறுவனங்கள்.

பட்டியல் என்பது பாட்டைப் பற்றிய தீர்ப்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது எந்த இடத்தில் காதை வைத்துக் கேட்டது என்பதை முதலில் விசாரித்துவிட்டால், அதில் வரும் எதிர்பாராத பெயர்களில் முக்கால்வாசி எதிர்பார்க்கக்கூடியவையாகிவிடும். கன்ட்ரி பட்டியலின் எண்பது ஆண்டு வரலாற்றில் அந்தக் காது நான்கைந்து முறை இடம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய வகை விருந்தாளிகள் உள்ளே வந்தார்கள், முன்பு வந்துகொண்டிருந்தவர்கள் வெளியே நின்றார்கள்.

ஐம்பதுகளில் கடை விற்பனை, ஜூக்பாக்ஸ், வானொலி அறிவிப்பாளர்கள் என்று மூன்று தனித்தனிக் கணக்குகள் இருந்தன. எல்விஸ் பிரெஸ்லியின் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ 1956இல் பதினேழு வாரங்கள் கன்ட்ரி பட்டியலின் உச்சியில் இருந்ததும், மறு ஆண்டில் ஜெர்ரி லீ லூயிஸும் எவர்லி சகோதரர்களும் அதே இடத்துக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான். இவற்றை நான் பெரிய அதிசயமாகக் கருதவில்லை; அந்த இளைஞர்கள் கன்ட்ரி கேட்டு வளர்ந்தவர்கள், அவர்களின் தட்டுகளை விற்ற கடைகளும் அதே கடைகள். ராக் அண்ட் ரோலைக் கண்டு கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில் பதறியதன் விளைவுதான் முக்கியமானது. 1958இல் உருவான கன்ட்ரி இசைச் சங்கம், முழுநேரமும் கன்ட்ரி மட்டுமே ஒலிபரப்பும் வானொலி நிலையங்களைப் பெருக்குவதையே தன் தலையாய வேலையாக எடுத்துக்கொண்டது. 1961இல் 81 ஆக இருந்த அத்தகைய நிலையங்கள் 1969இல் 600ஐத் தாண்டின. பில்போர்டும் 1957இல் ஜூக்பாக்ஸ் கணக்கை நிறுத்திவிட்டு, எஞ்சிய இரண்டு கணக்குகளையும் 1958 அக்டோபரில் ஒரே பட்டியலாக்கியது. அதன் பிறகு கன்ட்ரி எது என்று முடிவுசெய்யும் அதிகாரம், காசு போடுபவரின் விரலிலிருந்து நிலையத்தின் நிகழ்ச்சி மேலாளர் மேசைக்கு மெல்ல மெல்ல நகர்ந்தது.

அந்த மேசையின் வலிமையை அறிய, பட்டியலில் வந்த பாடல்களைவிட வராத ஒரு பாடல்தான் உதவும். 1962இல் கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ், கன்ட்ரி பாடல்களை மட்டுமே தேர்ந்தெடுத்து, தமக்கே உரிய முறையில், பெரிய இசைக்குழுவோடும் வயலின் வரிசையோடும் ஓர் ஆல்பம் முழுக்கப் பாடினார். ஏ.பி.சி.–பாரமவுன்ட் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தம் இசையைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை அவர் பெற்றிருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. இளமையில் ஃபுளோரிடாவில் வெள்ளையர்களின் கன்ட்ரி குழு ஒன்றில் பியானோ வாசித்த அனுபவமும், சிறுவயதில் வானொலியில் கேட்ட பாடல்களும் அவருக்குள் இருந்தன. யாரோ மேலிருந்து ஏவிய சோதனை முயற்சி அன்று அது. அதிலிருந்து வந்த ‘ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ’ ஐந்து வாரங்கள் நாட்டின் பொதுப் பட்டியலில் முதலிடம், ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் பத்து வாரங்கள் முதலிடம். ஆல்பமோ பதினான்கு வாரங்கள் உச்சியில் இருந்தது. கன்ட்ரி பட்டியலில் அந்தப் பாடல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாடலை எழுதிய டான் கிப்சன், நாஷ்வில் நகரமே கொண்டாடிய கன்ட்ரி பாடகர். அவரே பாடிய தட்டு 1958இல் அதே கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் இருந்திருக்கிறது. சொற்கள் மாறவில்லை, மெட்டு மாறவில்லை. கன்ட்ரி நிலையங்கள் ரே சார்ல்ஸைப் போடவில்லை, அவ்வளவுதான். அந்தப் பாட்டால் கன்ட்ரி பாடலாசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் கொட்டிய வருமானத்தை நாஷ்வில் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. 1944இல் ஒரு கறுப்பின ஜாஸ் கலைஞர் தற்செயலாக நுழைந்த வீட்டுக்குள், பதினெட்டு ஆண்டுகள் கழித்து, முறைப்படி அழைப்பிதழோடு வந்தவரை வாசலிலேயே நிறுத்தியதாக இதை நான் வாசிக்கிறேன். அவர் அந்தப் பட்டியலின் முதலிடத்தைத் தொட 1985 ஆயிற்று. அதுவும் வில்லி நெல்சனோடு சேர்ந்து பாடிய ‘செவன் ஸ்பானிஷ் ஏஞ்சல்ஸ்’ மூலம்.

ரே சார்ல்ஸுக்கு மூடிய கதவு கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர்களுக்கு அவ்வளவு இறுக்கமாக இல்லை. வேல்ஸ் நாட்டின் டாம் ஜோன்ஸ் 1977இல் ‘சே யூல் ஸ்டே அன்டில் டுமாரோ’ பாடி முதலிடமே பெற்றார். அதே காலத்தில் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்கின் ‘ஆஃப்டர் த லவின்’ பாடலும் கன்ட்ரி பட்டியலுக்குள் நுழைந்தது. ஹம்பர்டிங்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை: ஆர்னல்ட் ஜார்ஜ் டோர்சி என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1936இல் பிறந்தது நம் சென்னையில். தந்தை பிரிட்டிஷ் இராணுவத்தில் இருந்தவர். பையனுக்குப் பத்து வயதாகும்போது குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டருக்குக் குடிபெயர்ந்தது. 1967இல் பீட்டில்ஸின் தட்டையே பிரிட்டனில் முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்த அவருடைய ‘ரிலீஸ் மீ’, உண்மையில் 1954இலேயே ரே பிரைஸும் கிட்டி வெல்ஸும் பாடிக் கன்ட்ரி பட்டியலில் ஏற்றியிருந்த பாட்டு. கன்ட்ரி பட்டியலில் சென்னையில் பிறந்த ஒருவர் இருக்கிறார் என்பதை எந்த வினாடிவினாவிலும் எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வெளியிலிருந்து வருகிறவர்களைக் குறித்த புகைச்சல் 1974இல் வெளிப்படையாக எரியத் தொடங்கியது. இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜான், ‘லெட் மீ பி தேர்’, ‘இஃப் யூ லவ் மீ’ ஆகிய மென்மையான பாடல்களால் கன்ட்ரி பட்டியலின் முதல் பத்துக்குள் வந்திருந்தார். அந்த ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கம் சிறந்த பாடகிக்கான விருதை லொரெட்டா லின், டாலி பார்ட்டன் போன்றவர்களைத் தாண்டி அவருக்கு வழங்கியது. அடுத்த மாதமே ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் தம்பதியின் வீட்டில் கூடிய கலைஞர்கள், தூய கன்ட்ரியைக் காப்பதற்கென்று தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1975 விருது விழாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஆண்டின் சிறந்த கலைஞர் பெயரை அறிவிக்க மேடையேறிய சார்லி ரிச், உறையைப் பிரித்து, பாப் பக்கம் சாய்ந்த பாடகராகப் பலர் கருதிய ஜான் டென்வரின் பெயரைக் கண்டதும், சட்டைப்பையிலிருந்த லைட்டரை எடுத்து அந்தக் காகிதத்தை நேரலையிலேயே கொளுத்திவிட்டார். அன்று அவர் மது அருந்தியிருந்தார், வலி மருந்தும் எடுத்திருந்தார் என்றெல்லாம் விளக்கங்கள் உண்டு. எனக்கு வியப்பளிப்பது வேறு: சார்லி ரிச் ஜாஸிலும் ப்ளூஸிலும் தோய்ந்த பியானோக்காரர், ‘த மோஸ்ட் பியூட்டிஃபுல் கேர்ள்’ என்ற பளபளப்பான பாட்டைப் பொதுப் பட்டியலிலும் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர். தூய்மையைக் காக்கும் பணிக்கு அவரைவிடப் பொருத்தமில்லாத ஒருவரைத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார்.

அந்தச் சண்டைக்கு நடுவில், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தைச் சேர்ந்த கறுப்பினச் சகோதரிகளான பாயின்டர் சிஸ்டர்ஸ், அனிட்டாவும் பானியும் எழுதிய ‘ஃபேரிடேல்’ பாடலை நாஷ்விலில் பதிவுசெய்து, கன்ட்ரி பட்டியலில் 37ஆம் இடம் வரை கொண்டுவந்தார்கள். கன்ட்ரியின் புகழ்பெற்ற மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் பாட அழைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்கள் குழு அவர்கள்தான். வெளியே எதிர்ப்பு அட்டைகளோடு சிலர் நின்றார்கள். உள்ளே கூட்டம் மறுபடியும் பாடச் சொன்னது. 1975இல் கன்ட்ரி குழுவுக்கான கிராமி விருதும் அந்தப் பாடலுக்குக் கிடைத்தது. ஸ்டீல் கிட்டார் இழைய, தன்னை ஏமாற்றியவனைவிட்டுப் போகும் ஒருத்தியின் குரலில் நகரும் அந்தப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், ஒலிவியாவின் பாட்டைவிட நூறு மடங்கு கன்ட்ரி என்றுதான் என் காது சொல்கிறது. ஒலிவியா முதல் பத்தில் இருக்க, இது 37இல் நின்றது.

எழுபதுகளின் வினோதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சி.டபிள்யூ. மெக்கால். அப்படி ஒரு லாரி ஓட்டுநர் உலகில் இல்லை. ஒமாஹா நகரத்து விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த பில் ஃப்ரைஸ், ஒரு ரொட்டி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்துக்காக உருவாக்கிய கதாபாத்திரம் அது. விளம்பரம் பிரபலமாகவே, அதற்கு இசையமைத்த சிப் டேவிஸோடு சேர்ந்து அந்தக் கதாபாத்திரத்தின் பெயரிலேயே தட்டுகள் வெளியிடத் தொடங்கினார். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு வந்திருந்த நேரம். லாரி ஓட்டுநர்கள் போலீஸ் நிற்கும் இடத்தைச் சிறு வானொலிக் கருவிகள் மூலம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, தங்களுக்கென்று ஒரு பரிபாஷையே வளர்த்திருந்தார்கள். அந்தப் பரிபாஷையில் கடகடவென்று பேசிக்கொண்டே போகும் ‘கான்வாய்’, 1975 இறுதியிலிருந்து ஆறு வாரங்கள் கன்ட்ரியின் முதலிடத்தில் இருந்தது, பொதுப் பட்டியலிலும் உச்சியைத் தொட்டது. பாட்டு என்று அதைச் சொல்வதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பல்லவியைத் தவிர மற்றதெல்லாம் பேச்சு. ஆனால் கன்ட்ரி வானொலியை யார் எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்பதை அதைவிடச் சரியாக எந்தப் பாட்டும் காட்டவில்லை. ஃப்ரைஸ் பின்னாளில் கொலராடோவின் யூரே என்ற மலையூரில் மேயராகப் பணியாற்றினார்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் 1980இல் மெர்ல் ஹேகர்டோடு பாடி முதலிடம் பெற்றது, பால் மெக்கார்ட்னி நாஷ்விலில் தங்கியிருந்தபோது பதிவுசெய்த ‘சாலி ஜி’ 51ஆம் இடம் வரை வந்தது, டிஸ்கோ புகழின் உச்சியில் இருந்த பீ ஜீஸ் 1979இல் ஒரு தட்டின் மறுபக்கப் பாட்டால் 39ஆம் இடத்தைப் பிடித்தது போன்றவற்றை இங்கே பெயரளவில் குறிப்பிட்டுவிட்டு நகர்கிறேன். பீ ஜீஸின் அந்தப் பாட்டையே கான்வே ட்விட்டி 1981இல் பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார் என்பது மட்டும் கவனிக்கத்தக்கது.

1990இல் வானொலியில் என்ன ஒலிக்கிறது என்பதைக் கணினியே கண்டறிந்து எண்ணத் தொடங்கியது. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் கன்ட்ரி பட்டியல் என்பது கன்ட்ரி நிலையங்களின் ஒலிபரப்புக் கணக்கு மட்டுமே. உள்ளே வருவது முன்னைவிடக் கடினமாயிற்று. பான் ஜோவி என்ற ராக் குழு 2006இல் முதலிடத்துக்கு வந்ததே பெரும் செய்தியாகியது. உண்மையான உடைப்பு 2012 அக்டோபரில் நேர்ந்தது. பில்போர்ட் தன் முதன்மைக் கன்ட்ரி பட்டியலில் இணைய விற்பனையையும், இணையவழிக் கேட்பையும், எல்லா வகை வானொலி நிலையங்களின் ஒலிபரப்பையும் சேர்த்து எண்ணத் தொடங்கி, பழைய வானொலிக் கணக்கைத் தனிப் பட்டியலாக ஒதுக்கியது. அந்த வாரமே, ஸ்வீடன்காரர்கள் இருவரோடு சேர்ந்து டெய்லர் ஸ்விஃப்ட் எழுதிய முழு பாப் பாடல் ஒன்று 21ஆம் இடத்திலிருந்து நேரே முதலிடத்துக்குத் தாவியது. கன்ட்ரி நிலையங்கள் அதை அரைமனதோடுதான் போட்டுக்கொண்டிருந்தன. பாப் நிலையங்களில் அது ஒலித்த ஒவ்வொரு முறையும் இப்போது கன்ட்ரி கணக்கில் ஏறியது. 2017–18இல் புரூக்ளினில் பிறந்த பாப் பாடகி பீபி ரெக்சா, ஃபுளோரிடா ஜார்ஜியா லைன் இருவரணியோடு பாடிய ‘மென்ட் டு பி’ ஐம்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்ததும் இதே கணக்கின் விளைவு.

இந்த மாற்றத்தில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஜூக்பாக்ஸ் காலத்தில் பெட்டி இருந்த இடம் பாட்டின் வகையைத் தீர்மானித்தது. வானொலிக் காலத்தில் நிலையம் தீர்மானித்தது. எல்லா இடத்துக் கேட்பையும் ஒன்றாகக் கொட்டி எண்ணும்போது, எந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் சேரும் தகுதி உடையது என்பதை எண்ணத் தொடங்குவதற்கு முன்பே யாராவது முடிவுசெய்தாக வேண்டும். அந்த யாராவது, பில்போர்ட் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் சில மனிதர்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல் இந்த ஏற்பாடு சத்தமின்றி நடந்தது.

2018 டிசம்பரில், அட்லான்டா அருகே வசித்த மான்டெரோ ஹில் என்ற பத்தொன்பது வயது இளைஞர், லில் நாஸ் எக்ஸ் என்ற பெயரில் ‘ஓல்டு டவுன் ரோடு’ பாடலை இணையத்தில் ஏற்றினார். பின்னணி இசையை நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ என்ற இளைஞரிடமிருந்து 30 டாலருக்கு வாங்கியிருந்தார். அதில் கேட்கும் பாஞ்சோ ஒலி, நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற ராக் குழு 2008இல் வெளியிட்ட ஒரு வாத்திய இசைத் துண்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் டிரென்ட் ரெஸ்னரும் ஆட்டிகஸ் ராஸும் பாடலாசிரியர்களாகவே பெயர் பெற்றார்கள். இரண்டு நிமிடம்கூட ஓடாத அந்தப் பாட்டின் வகையைக் குறிக்கும் இடத்தில் இளைஞர் கன்ட்ரி என்று தேர்ந்தெடுத்திருந்தார். ராப் என்று போட்டால் ஆயிரக்கணக்கான பாடல்களோடு முட்டிமோத வேண்டும். கன்ட்ரி வரிசையில் கூட்டம் குறைவு. கெட்டிக்காரத்தனம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும், ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை. குதிரை, தொப்பி, பூட்ஸ் எல்லாம் பாட்டில் இருந்தன, டிக்டாக்கில் பிள்ளைகள் அதற்கேற்ப வேடம் கட்டி ஆடினார்கள்.

2019 மார்ச் 16 தேதியிட்ட கன்ட்ரி பட்டியலில் அது 19ஆம் இடத்தில் நுழைந்தது. அடுத்த பட்டியலில் காணவில்லை. இன்றைய கன்ட்ரி இசைக்குரிய கூறுகள் அந்தப் பாடலில் போதிய அளவு இல்லை என்பதே பில்போர்ட் தந்த விளக்கம். ராப் பாணி உச்சரிப்பும் இயந்திரத் தாளமும் நாஷ்வில் பாடல்களில் ஊறிப்போயிருந்த காலத்தில் இந்த விளக்கம் எடுபடவில்லை. பாடியவர் கறுப்பின இளைஞர் என்பதால்தான் நீக்கமா என்ற கேள்வி உடனே எழுந்தது. பில்போர்ட் இனம் காரணமல்ல என்று மறுத்தது. உள்நோக்கத்தை நான் அளக்க முடியாது. ஆனால் ரெக்சாவின் ஐம்பது வாரங்களை உறுத்தலின்றிக் கடந்த ஒரு தராசு, இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் திடீரென்று நுண்மையானது விசித்திரமாகவே இருக்கிறது. ஏப்ரல் 5ஆம் தேதி, ‘ஏக்கி பிரேக்கி ஹார்ட்’ புகழ் கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸ் ஒரு பத்தியைப் பாடிச் சேர்த்த புதிய வடிவம் வெளிவந்தது. பொதுப் பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் இருந்து, பதினாறு வாரங்கள் என்ற பழைய சாதனையை அந்தப் பாடல் முறியடித்தது. கன்ட்ரி வானொலிப் பட்டியலில் அதன் உச்சம் 50ஆம் இடம். முதன்மைக் கன்ட்ரி பட்டியலுக்கு அது திரும்பவேயில்லை, ஆனால் அந்த ஆண்டு இறுதியில் கன்ட்ரி இசைச் சங்கம் அதற்கு ஒரு விருது கொடுத்தது.

2024 பிப்ரவரியில் பியான்சேயின் ‘டெக்சாஸ் ஹோல்டம்’ வந்தபோது பில்போர்ட் தயங்கவில்லை. ரியானன் கிடன்ஸ் பாஞ்சோ வாசித்த அந்தப் பாட்டு முதல் வாரமே முதன்மைக் கன்ட்ரி பட்டியலின் உச்சியில் அமர்ந்தது; அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். ஓக்லஹோமாவின் ஒரு வானொலி நிலையம், நேயர் விருப்பமாகக் கேட்டவருக்கு, இது கன்ட்ரி நிலையம், பியான்சேயைப் போடுவதில்லை என்று பதில் எழுதி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் மனம் மாறியது. வானொலிப் பட்டியலில் பாட்டு கடைசிவரை நடுப்பகுதியைக்கூடச் சரியாகத் தாண்டவில்லை. அவரைத் தொடர்ந்து முதலிடத்துக்கு வந்த ஷபூஸியின் கதை வேறு. வர்ஜீனியாவில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த அவர், 2004இல் வந்த ஒரு ராப் பாட்டின் பல்லவியை மதுக்கடைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தார். கன்ட்ரி நிலையங்கள் அதை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டன. வானொலிப் பட்டியலிலும் முதலிடம் கிடைத்தது, பொதுப் பட்டியலில் ‘ஓல்டு டவுன் ரோடு’ நின்ற அதே 19 வாரங்களும் கிடைத்தன. ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவு மாறியதற்கு ரசனை மட்டும் காரணமில்லை, 2019இன் அவமானமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

2025 நவம்பரில் கன்ட்ரியின் இணைய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற ‘வாக் மை வாக்’ பாடலின் கலைஞர் பெயர் பிரேக்கிங் ரஸ்ட். அப்படி ஒரு பாடகர் இல்லை, குரல் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது. இயந்திரம் கன்ட்ரியின் உச்சியைப் பிடித்துவிட்டது என்று தலைப்புகள் அலறின. அது எந்தப் பட்டியல் என்பதைப் பலர் பார்க்கவில்லை: பாட்டைக் காசு கொடுத்துத் தரவிறக்கம் செய்வோர் மட்டும் எண்ணப்படும் பட்டியல் அது. எல்லாரும் மாதச் சந்தாவில் கேட்கும் காலத்தில் அப்படி வாங்குவோர் அருகிப்போய்விட்டதால், வாரத்துக்குச் சில ஆயிரம் விற்பனை இருந்தாலே அங்கே முதலிடம் கிடைத்துவிடும். நிகழ்ச்சி மேலாளர்கள் தேர்ந்தெடுக்கும் பாடல்களை எண்ணும் வானொலிப் பட்டியலின் முதலிடத்துக்கும் அந்தப் பாட்டுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.